கூடம் கோணலா?
திரையமைப்பு ஆய்வுக் கருவி காட்டாதபோது செய்யத்தக்கன

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மீது பழி சுமத்துவோரை இடித்துரைக்க நம் முன்னோர் இதனைக் கூறினர். ஆயினும் கூடம் உண்மையிலேயே கோணலாய் இருப்பதும் உண்டன்றோ? ஆடினவளைக் குறை கூறுமுன் கூடத்தை ஒருமுறை அளந்து பார்ப்பதே நடுநிலைமையாகும். கைப்பேசிச் செயலிகளின் திரையாகிய கூடத்தை அளப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் பெயர் 'லேஅவுட் இன்ஸ்பெக்டர்' என்பது. தமிழில் திரையமைப்பு ஆய்வுக் கருவி எனலாம். அளக்க வந்த அக்கருவியே சில வேளைகளில் ஒன்றுங் காட்டாது வெறுந்திரையாய் நின்றுவிடும். அப்போது எதனை முதலில் பார்ப்பது, எதனைப் பின்னர்ப் பார்ப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்கு இஃது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், கைப்பேசியும் ஒரு கரும்பலகையாயிற்று. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னும் அப்பழக்கம் முற்றும் நீங்கவில்லை. தமிழ்ப் பயிற்சிகளைத் தாமே செயலியாக்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இன்று நம்மிடையே உள்ளனர். செயலியை ஆக்கியவர் யாராயினும், அதில் நேரும் பிழையின் பயனை நுகர்பவன் மாணவன். எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூறினால் இது விளங்கும்.

நிகழ்ந்தது இது

எம் தோட்டப் பள்ளியில் இளம் ஆசிரியர் ஒருவரும் நானும் சேர்ந்து, வாசிப்புப் பயிற்சிச் செயலி ஒன்றை ஆக்கினோம். திரையின் மேற்பகுதியில் ஒரு பத்தி. அதன்கீழ் மூன்று வினாக்கள். அடியில் 'விடைகளை அனுப்புக' என்னும் பொத்தான். அவ்வளவே. நான்காம் ஆண்டு மாணவர்கள் நாள்தோறும் மாலையில் விடை அனுப்பினர். ஒருவன் மட்டும் இரண்டு வாரமாக அனுப்பவில்லை. கேட்டபோது, "அனுப்புற பட்டனே வரலை சார்" என்றான். மற்ற எல்லார்க்கும் வரும் பொத்தான் இவனுக்கு மட்டும் வராதோ? சாக்குச் சொல்கிறான் என்றே எண்ணினேன். பதிவேட்டில் 'பயிற்சி செய்யவில்லை' என்று பத்து நாளுக்கும் நானே என் கையால் எழுதினேன். பின்னொரு நாள் அவன் பாட்டியே கைப்பேசியைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பொத்தானைக் காணவில்லை.

செயலியை ஆக்கிய நாங்கள் அடுத்துச் செய்யத்தக்கது ஆய்வுக் கருவியைக் கொண்டு பார்ப்பதுதான். பார்த்தோம். கருவி ஒன்றுங் காட்டவில்லை. காரணம் ஒன்றன்று, பல என்பதைப் பின்னர் அறிந்தோம்.

கருவியின் இயல்பு

ஆண்டிராய்டு வகைக் கைப்பேசிகளுக்குச் செயலி ஆக்குவோர் பெரும்பாலும் 'ஆண்டிராய்டு ஸ்டூடியோ' என்னும் கணினி மென்பொருளைப் பயன்படுத்துவர். கூகுள் நிறுவனம் அதனை 2013ஆம் ஆண்டு அறிவித்து, அதன் முதற்பதிப்பை 2014 டிசம்பரில் வெளியிட்டது. திரையமைப்பை ஆராய்வதற்கு முற்காலத்தே 'ஹையரார்க்கி வியூவர்' என்னுங் கருவி இருந்தது. 2016இல் வந்த 2.2ஆம் பதிப்பில் லேஅவுட் இன்ஸ்பெக்டர் இடம்பெற்றது. 2020இல் வந்த 4.0ஆம் பதிப்பில், ஓடிக்கொண்டிருக்கும் செயலியை அப்போதைக்கப்போது காட்டும் நேரலை ஆற்றலும் அதற்குக் கிடைத்தது.

இது செய்வது என்ன? கைப்பேசியில் நாம் காண்பது ஒரே படம் போலத் தோன்றினும், அது பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கப்பட்டது. பெரிய பெட்டிக்குள் பத்தி, வினாக்கள், பொத்தான் என்பன சிறு பெட்டிகளாய் அமர்ந்திருக்கும். கருவி இவ்வடுக்கை ஒரு குலமுறை மரம் போல இடப்பக்கம் காட்டும். திரையின் தோற்றத்தை நடுவே காட்டும். நாம் தொட்ட பெட்டியின் அகலம், உயரம், தொடங்குமிடம் முதலிய பண்புகளை வலப்பக்கம் காட்டும். கண்ணுக்குப் புலப்படாத பெட்டியும் மரத்தில் இருந்தால் அகப்பட்டுவிடும். இதுவே இதன் சிறப்பு.

கருவி கணினியில் இருக்கிறது. செயலி கைப்பேசியில் ஓடுகிறது. இடையில் ஒரு வழி வேண்டும். பள்ளியைப் பார்வையிட வரும் மேலதிகாரியை நினைத்துக் கொள்ளுங்கள். ஆற்றுப்பாலம் உடைந்திருந்தால் அவர் தோட்டத்துக்கு வரவியலாது. பாலம் கடந்து வந்தும் வாயிற்கதவு பூட்டியிருந்தால் உள்ளே நுழைய இயலாது. நுழைந்தும் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டால் பாடத்தைக் காண இயலாது. அவர் குறிப்பேடு வெறுமையாய் இருப்பதைக் கொண்டு அங்குப் பள்ளியே இல்லை என்று முடிவு கட்டலாமா? கருவி வெறுந்திரை காட்டும்போதும் இவ்வாறே ஒவ்வொரு வாயிலாகச் சோதித்து வருதல் வேண்டும்.

முதல் வாயில்: பாலம்

கணினியையும் கைப்பேசியையும் இணைக்கும் நிரலுக்கு 'ஆண்டிராய்டு டீபக் பிரிட்ஜ்' என்றே பெயர். பிரிட்ஜ் என்பது பாலந்தான். சுருக்கமாக ஏடிபி என்பர். கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'ஏடிபி டிவைசஸ்' என்று கட்டளையிட்டால் இணைந்துள்ள கைப்பேசிகளின் பட்டியல் வரும். வரும் விடைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

பட்டியலே வெறுமையாயின், கம்பியைச் சோதிக்க வேண்டும். மின்னேற்றம் மட்டுமே செய்யும் கம்பிகள் கடைகளில் மலிவாய்க் கிடைக்கின்றன. அவற்றில் மின்சாரம் செல்லும், செய்தி செல்லாது. கைப்பேசியில் மின்னேறும் அடையாளம் தெரிவதால் இணைப்புச் சரியென்று நாம் ஏமாறுவோம். நாங்கள் ஏமாந்ததும் இங்கேதான். வேறு கம்பி மாற்றியதும் கைப்பேசி பட்டியலில் தோன்றிற்று.

'அன்ஆத்தரைஸ்டு' என வந்தால், கைப்பேசி இன்னும் இசைவு தரவில்லை என்பது பொருள். 'ஆஃப்லைன்' என வந்தால், கைப்பேசி தென்படுகிறது, ஆனால் மறுமொழி கூறவில்லை என்பது பொருள். 'ஏடிபி கில்-சர்வர்' என்று பாலத்தை நிறுத்தி, 'ஏடிபி ஸ்டார்ட்-சர்வர்' என்று மீண்டுந் தொடங்கினால் இது பெரும்பாலுந் தீரும். 'டிவைஸ்' என வந்தால் பாலம் நன்னிலையில் உள்ளது. இவ்விடை வரும்வரை அடுத்த வாயிலுக்குச் செல்வது வீண்வேலை.

இரண்டாம் வாயில்: இசைவு

யார் வேண்டுமானாலும் கம்பியைச் செருகிக் கைப்பேசியின் உள்ளே பார்க்க முடிந்தால் அது கேடு. ஆதலின் கைப்பேசி இதனை இயல்பாகப் பூட்டியே வைத்திருக்கும். அமைப்புகளில் 'பில்டு நம்பர்' என்னும் வரியை ஏழு முறை தொட்டால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்னும் பகுதி திறக்கும். அங்கு 'யூஎஸ்பி டீபக்கிங்' என்பதை இயக்க வேண்டும். பின்னர்க் கம்பியைச் செருகியதும், இக்கணினியை நம்பலாமா என்று கைப்பேசி வினவும். திரை பூட்டியிருந்தால் இவ்வினா நம் கண்ணிற்படாமல் போகும். வினாவைத் தவறவிட்டோர் அதே பகுதியில், முன்பு கொடுத்த இசைவுகளை நீக்கிவிட்டுக் கம்பியைக் கழற்றி மீண்டுஞ் செருகுதல் நன்று. பிறர் கைப்பேசியாயின், வேலை முடிந்ததும் இவ்வமைப்பை மூடிக் கொடுப்பது நம் கடமை.

மூன்றாம் வாயில்: செயலியின் நிலை

பாலமுஞ் சரி, இசைவுஞ் சரி; ஆயினும் கருவியின் பட்டியலில் எங்கள் செயலி இல்லை. இவ்விடத்தே பலரும் மயங்குவர். ஒரு செயலியை இரு வகையாகக் கட்டலாம். ஆக்குவோர் சோதிப்பதற்கென்று கட்டுவது 'டீபக்' வகை. பொதுமக்களுக்கு வெளியிடக் கட்டுவது 'ரிலீஸ்' வகை. சாதாரணக் கைப்பேசியில், சோதனைக்கு இடங்கொடுக்கும் டீபக் வகையையே கருவி காணும். மாணவர்களுக்கு நாங்கள் கொடுத்ததோ வெளியீட்டு வகை. வகுப்பறைக் கதவு உட்புறம் தாழிட்டிருந்தது என்க.

அப்படியாயின் சோதனை வகையை அதன்மேல் நிறுவிவிடலாமே எனத் தோன்றும். இரு வகைக்கும் இடப்படும் கையொப்பச் சாவிகள் பொதுவாக வேறு வேறு. ஆதலால் கைப்பேசி மறுத்துவிடும். பழையதை நீக்கிவிட்டு நிறுவலாம்; ஆனால் நீக்கும்போது செயலி தன்னுள் சேமித்து வைத்தவையும் அழியும். அந்த மாணவன் அனுப்பவியலாது எழுதி வைத்திருந்த விடைகள் அனைத்தும் அதனுள்ளேதான் இருந்தன! நல்லூழாக இளம் ஆசிரியர் என் கையைத் தடுத்தார். சோதனை வகையின் அடையாளப் பெயருக்கு ஒரு பின்னொட்டுச் சேர்த்துக் கட்டினால், கைப்பேசி அதனை வேறு செயலியாகக் கருதும். இரண்டும் அருகருகே இருக்கும். அவ்வாறே செய்தோம். பழுது பார்க்கப் புகுவோர் முதலில் எண்ண வேண்டியது, இருப்பதைக் கெடுக்காமலிருப்பது எப்படி என்பதையே.

நான்காம் வாயில்: பதிப்பு

இப்போது செயலி பட்டியலில் வந்தது. ஆயினும் நேரலைக் காட்சி வரவில்லை. நேரலை ஆற்றல் ஆண்டிராய்டு 10, அஃதாவது ஏபிஐ எண் 29 முதற்கொண்டுதான் உண்டு. ஆண்டிராய்டு 10 வெளிவந்தது 2019இல். பாட்டியின் கைப்பேசியில் இருந்ததோ 2017இல் வெளிவந்த ஆண்டிராய்டு 8. தோட்டத்து வீடுகளில் புதிய கைப்பேசியை எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே, கணினியிலேயே கைப்பேசி போல இயங்கும் 'எமுலேட்டர்' என்னும் மாதிரிக் கைப்பேசியை, அதே திரையளவோடு ஆண்டிராய்டு 10இல் அமைத்துப் பார்ப்பது தக்க வழி.

ஐந்தாம் வாயில்: கட்டிய முறை

எங்கள் செயலி பழைய முறையில் கட்டப்பட்டது. புதிய முறையாகிய 'ஜெட்பேக் கம்போஸ்' 2021 ஜூலையில் 1.0 நிலையை எய்தியது. அம்முறையில் கட்டியோர் மேலும் இரண்டை நோக்க வேண்டும். கம்போஸ் நூலகங்கள் தத்தம் பதிப்பெண்ணைக் கூறும் சிறு கோப்புகளை 'மெட்டா-இன்ஃப்' என்னும் உறையில் வைத்திருக்கும். செயலியின் பருமனைக் குறைக்க எண்ணி அவ்வுறையை முழுதும் விலக்கிவிட்டால், எப்பதிப்பு என்றறியாது கருவி திகைக்கும். அன்றியும், நிரலைச் சுருக்கிப் பெயர்களைக் குலைக்கும் ஏற்பாட்டைச் சோதனை வகையில் நிறுத்தி வைக்க வேண்டும்.

'ஃப்ளட்டர்' என்னும் முறையில் கட்டியவை வேறு. அவை தம் திரை முழுவதையும் தாமே வரைந்துகொள்வன. ஆகையால் இக்கருவிக்கு உள்ளே அடுக்குகள் தெரியா. ஒரே பெரிய பெட்டிதான் தெரியும். அது பிழையன்று. அதற்கென்று ஃப்ளட்டருக்குத் தனி ஆய்வுக் கருவி உண்டு.

ஆறாம் வாயில்: பார்ப்பவர் கண்

எல்லாம் சரியாக இருந்தும் நாம் தேடுவது அகப்படாதிருத்தல் உண்டு. மரத்தில் ஒரு கிளையை மட்டும் தனித்துக் காட்டும் ஏற்பாடு கருவியில் உண்டு. முன்பு எப்போதோ அதனைத் தொட்டுவிட்டு மறந்தால், மற்றக் கிளைகள் மறைந்தே இருக்கும். நேரலையை நிறுத்தி வைத்திருந்தால் பழைய படமே நிற்கும். கருவியை இணைத்த கணத்தில் செயலியின் திரை ஒருமுறை மீண்டுந் தொடங்குவதும் உண்டு. அப்போது நாம் ஆராய வந்த நிலை கலைந்துவிடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பெட்டிகளின் பண்புகளை ஆராய இசைவு தரும் அமைப்பை முன்னரே இயக்கி வைத்தால் இத்தொல்லை இல்லை.

கண்டது என்ன?

மாதிரிக் கைப்பேசியில் செயலியை ஓட்டினோம். கருவி மரத்தை அழகாகக் காட்டிற்று. ஆனால் பொத்தான் தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது! "பார்த்தீர்களா, செயலியில் குறையில்லை, அந்தப் பழைய கைப்பேசியில்தான் குறை" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது, வெளியே அமர்ந்திருந்த பாட்டியிடம் இளம் ஆசிரியர், கைப்பேசியில் ஏதேனும் மாற்றினீர்களா என்று கேட்டார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க சார். பேரன்தான் எழுத்தைப் பெருசா வெச்சுக் குடுத்தான்" என்றார் அவர்.

மாதிரிக் கைப்பேசியிலும் எழுத்தளவை மிகப் பெரியதாக்கினோம். உடனே பொத்தான் மறைந்தது. கருவியின் மரத்தை நோக்கினோம். பொத்தான் அங்கு இருந்தது. அதன் அகலமுஞ் சரியாக இருந்தது. உயரம் மட்டும் 0 என்று காட்டிற்று.

இதன் காரணம் எளிது. பெட்டிகளை மேலிருந்து கீழாக அடுக்கும் 'லீனியர் லேஅவுட்' என்னும் ஏற்பாட்டில், மேலே இருப்பவை தமக்கு வேண்டிய இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். எஞ்சியதே அடுத்ததற்குக் கிடைக்கும். எழுத்துப் பெரிதானதும் பத்தியும் வினாக்களும் திரை முழுவதையும் விழுங்கின. கடைசியாக நின்ற பொத்தானுக்கு எஞ்சியது ஒன்றுமில்லை. பந்தியில் கடைசியில் அமர்ந்தவனுக்கு இலை மட்டும் விழுந்த கதைதான். திரை உருளும்படியும் நாங்கள் அமைக்கவில்லை. எங்கள் கைப்பேசிகளில் எழுத்து இயல்பளவில் இருந்தமையால் எங்கள் கண்ணுக்கு இக்குறை தென்படவே இல்லை.

திருத்தமும் எளிதே. பத்தியையும் வினாக்களையும் உருளும் பெட்டி ஒன்றனுள் வைத்து, அப்பெட்டியின் உயரத்தை 0 என்றும், எஞ்சிய இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளுமாறு அதன் எடையை 1 என்றும் குறித்தோம். இப்போது பொத்தான் தனக்கு வேண்டியதை முன்னரே பெற்றுக்கொள்ளும். பத்தி எவ்வளவு நீண்டாலும் தன் பெட்டிக்குள் உருளும். தமிழில் செயலி ஆக்குவோர் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளல் வேண்டும். மலாயில் 'ஹந்தார்' என்று ஒரு சிறு சொல்லில் முடிவது தமிழில் 'விடைகளை அனுப்புக' என்று நீளும். பிறமொழிக்கு அளந்த பெட்டியில் தமிழை அடைத்தால் எழுத்து வெட்டுப்படும், அல்லது வரி மடியும். ஆண்டிராய்டு 14 முதல் எழுத்தை இருமடங்கு வரை பெரிதாக்கவும் இயலும். ஆகையால் எழுத்தளவை மிகப் பெரியதாக வைத்து ஒருமுறை பாராமல் எச்செயலியையும் மாணவர் கையிற் கொடுத்தல் ஆகாது.

ஆசிரியர்க்குச் சில சொற்கள்

இம்முயற்சியில் யாங்கள் கற்ற முறை மூன்று கூறுகளில் அடங்கும். அருகிலிருப்பதை முதலிற் சோதித்துப் பின்னர்த் தொலைவிற் செல்க. கம்பியைப் பாராமல் நிரலைத் திருத்தப் புகாதீர். ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்பது விளங்காது. மாற்றியதையும் கண்டதையும் ஏட்டில் எழுதுக, நினைவை நம்பாதீர்.

இவற்றுக்கும் மேலானது ஒன்றுண்டு. கருவியில் ஒன்றுந் தெரியாதபோது, அங்கு ஒன்றுமில்லை என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. வழியை ஆறு வாயிலாகப் பிரித்துப் பொறுமையாகச் சோதித்தோம். ஒரு பொறிக்குக் காட்டிய இப்பொறுமையை அம்மாணவனுக்கு நான் காட்டினேனா? பட்டன் வரவில்லை என்று அவன் முதல்நாளே உண்மையைச் சொன்னான். மற்றவர்க்கு வருகிறதே என்னும் ஒரே காரணத்தால் நான் நம்பவில்லை. பாட்டிக்குக் கண் தெரிய வேண்டுமென்று எழுத்தைப் பெரிதாக்கிய நற்செயலுக்காக, பத்து நாள் சோம்பேறி என்னும் பெயரை அவன் சுமந்தான்.

பதிவேட்டில் அப்பத்து வரிகளையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன். வகுப்பின் முன்னிலையில், தவறு என்னுடையது என்று அவனிடம் கூறினேன். அவன் விடைகள் கைப்பேசியில் அழியாமல் இருந்தன. திருத்திய வெளியீட்டு வகையைப் பழையதன்மேல் நிறுவியதும் எல்லாம் வந்து சேர்ந்தன. முப்பது வினாக்களில் இருபத்தேழு சரி.

ஆசிரிய அன்பர்களே, விடை வராத மாணவனைக் காணும்போது, இடையிலுள்ள வழி திறந்திருக்கிறதா என்று முதலிற் பார்ப்போமாக.